வெள்ளையாக வந்த படம்

புது ஸ்கேனுக்கு என்ன அர்த்தமென்று சுகாசினி டாக்டரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டாள். மூன்றாம் முறை கேட்கக் கூச்சமாக இருந்தது. வெளியே அவள் அப்பா தாவீது, இரண்டு ஸ்கேன் படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். புராஸ்டேட்டில் தொடங்கிய புற்றுநோய் அவர் எலும்புக்குப் பரவி ஒரு வருடமாகிறது.

"பாத்தியாம்மா? போன மாசம் முதுகு, இடுப்பெல்லாம் செவுத்துல ஓதம் பூத்த மாதிரி கறுப்பா இருந்துது. இன்னிக்கு எலும்புல ஒரு பொட்டு இல்ல. பாஸ்டருக்கு போன் போட்டுட்டேன். ஞாயித்துக்கெழம சபையில எழுந்து சாட்சி சொல்லப்போறேன்."

நாற்பது வருடம் காஞ்சிபுரத்து வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தவர். கறை போனால் சுவர் தேறியது என்பது அவர் கணக்கு. பஸ் சென்னையிலிருந்து ஊர் வந்து சேரும்வரை அவள் படங்களை உறையோடு மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மாலை வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் சுகாசினி சொன்னாள்.

"அப்பா, ரெண்டும் வேற வேற ஸ்கேன்பா. மொதல்ல எடுத்தது நோய் எங்க இருக்குதுன்னு பாக்க. இது, அந்தப் புது கதிர் மருந்து நோய் மேல போய் ஒட்டுமான்னு பாக்க. ஒட்டுற எடம்தான் கறுப்பாத் தெரியும். ஒட்டினாதான் மருந்து அதக் கருக்கும்."

"வெள்ளையா இருந்தா?"

அவள் சட்டையின் காலரை நீவிவிட்டாள்.

"ஒட்டாது," என்று அவரே சொன்னார். "உதிர்ற செவுத்துல பெயின்ட் நிக்காத மாதிரி. நோய் அங்கயேதான் இருக்குது."

"டாக்டர்கிட்ட ரெண்டு வாட்டி கேட்டேன், நான் சரியாப் புரிஞ்சிக்கினேனான்னு தெரியலப்பா. திங்கக்கெழம திரும்பக் கேக்கறேன். வேற ஊசி இருக்குதாம், கொஞ்ச நாளைக்கு..."

"ரெண்டு வாட்டி கேட்டேன்னியேம்மா."

சட்டையின் இன்னொரு கையையும் தேய்த்து முடித்தார்.

ஞாயிறன்று சபையில் பாஸ்டர் யேசுதாஸ் தாவீதைப் பெயர் சொல்லி அழைத்தார். "வேணாம்பா," என்று சுகாசினி அப்பாவின் சட்டையைப் பிடித்தாள். அவர் பெஞ்சைப் பிடித்து எழுந்து போனார். மைக்கை வாங்கி, சபையின் சுவரைப் பார்த்தார்.

"இந்தச் செவுரு நான் அடிச்சது. ஒம்போது மழ பாத்துது. எங்கயும் உரியல. அதுக்கு ஸ்தோத்திரம்."

"அது எங்களுக்குத் தெரியாதாண்ணே?" பின்வரிசையிலிருந்து பூவம்மாள் குரல் கொடுத்தாள். "ஸ்கேன் இன்னா ஆச்சு, அதச் சொல்லு!"

அவர் மகளைப் பார்த்தார்.

"வெள்ளையா வந்துது," என்றார்.

சபை கைதட்டியது. சுகாசினியும் தட்டினாள், அவர் மெல்ல நடந்து பெஞ்சுக்குத் திரும்பும்வரை.