இரண்டாம் முறை விழுந்த இடம்

“ராத்திரி நல்லாத் தூங்குவியாம்மா?”

மாப்பிள்ளையின் அம்மா பெண் பார்க்க முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்று அவளிடம் கேட்ட ஒரே கேள்வி அது. சமைக்கத் தெரியுமா, சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்து உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “இவளா? தலைமாட்டுல இடி விழுந்தாலும் புரண்டு படுத்துக்குவா.” எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவர் மட்டும் சிரிப்பு அடங்கிய பிறகும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தூக்கம் கெட்டால் அவளுக்கு வலிப்பு வரும். எட்டாம் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் விழுந்தாள். அத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. இப்போது சீருடை தைக்கும் கடை ஒன்றில் சட்டைக்குப் பொத்தான் வைக்கிறாள். தையல் மெஷின் பக்கமே போகக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் கடையில் அவளுக்குப் பெயரே பட்டன்தான். காலையில் ஒன்று, இரவில் ஒன்று மாத்திரை போட்டுக்கொண்டால் வருஷக்கணக்கில் ஒன்றும் வருவதில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரியாது. மாப்பிள்ளையிடம் அவளே சொல்லிவிடலாம் என்று பலமுறை போனை எடுத்திருக்கிறாள். பேச்சு நடுவில் அவள் மௌனமாகிவிட்டால் ‘லைன்ல இருக்கியா’ என்று கேட்காமல் காத்திருக்கிற ஒரே ஆள் அவன்தான். அந்த ஆளை இழந்துவிடுவோமோ என்று ஒவ்வொரு முறையும் வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுவாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று பேருமாக, இயேசு சிலுவை சுமந்து நடந்த ஊருக்கே போய்ச் சிலுவைப் பாதை நடந்துவிட்டு வரலாம் என்று அழைத்தவர் மாப்பிள்ளையின் அம்மாதான். விடுதியில் மூன்று பேருக்கும் ஒரே அறை. நேற்று இரவு அவள் மாத்திரை அட்டையைப் பிரிக்கும்போது, மாப்பிள்ளையின் அம்மா உள்ளே இருந்த குளியலறையின் கதவு திறந்தது. அம்மா வெடுக்கென்று பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். காலையிலும் கொடுக்கவில்லை. இரவு முழுக்க அவள் கண்ணைக் கொட்டாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

இப்போது அந்தப் பழைய நகரத்தின் சந்தில், கூட்டத்தின் வாலில் நடந்துகொண்டிருந்தாள். நாக்கில் நாணயத்தைச் சப்பியதுபோல ஒரு கசப்பு. இடது கட்டைவிரல் தானாகத் துடித்தது. அதை மற்ற விரல்களுக்குள் வைத்து இறுக்கிக்கொண்டாள். இருபுறமும் பைக்கடை, பொம்மைக்கடை, கூவி அழைக்கிற வியாபாரிகள். பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காத இரைச்சல். அதற்காகத்தான் எல்லோர் காதிலும் இயர்போன் மாட்டிவிட்டிருந்தார்கள். மைக் ஒன்றுதான். வழியில் நின்று ஜெபிக்கிற ஒவ்வொரு நிலையிலும் படிக்கிறவர் கழுத்துக்கு அது மாறும்.

“யாராவது காணாமப் போனா, மத்தவங்களை விட்டுட்டு ஒத்தையைத் தேடி வர்றதுக்கு நான் ஒண்ணும் நல்ல மேய்ப்பன் இல்ல. பஸ்ஸு கிளம்பிடும்!” என்றார் வழிகாட்டி. காதுக்குள் சிரிப்பு இரைந்தது.

ஏழாம் நிலை அம்மாவுக்கு. “நீங்க படிங்க, உங்க குரல் நல்லா இருக்கு” என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் குரலே திரும்பி வந்து குழப்பும் என்று வழிகாட்டி அம்மாவுடைய இயர்போனைக் கழற்றச் சொன்னார். மைக் பெட்டியை அவள் கழுத்தில் மாட்டிவிட்டார். இயேசு இரண்டாம் முறை கீழே விழுகிறார் என்று அம்மா படித்தாள். ஒரு பிசிறும் இல்லாத குரல். அவள் சுவரைப் பார்த்தாள். கல்லில் ஏழு என்று பொறித்திருந்தது. அவர் விழுந்த இடத்துக்கெல்லாம் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். முதல் முறை இங்கே, இரண்டாம் முறை இங்கே என்று. கடல் தாண்டி வந்து முழந்தாளிட்டு முத்தமிடுகிறார்கள். தான் விழுந்ததை மட்டும் ஏன் இடுப்பில் செருகி மறைக்க வேண்டும் என்று தோன்றியது.

கூட்டம் எழுந்து முன்னால் நகர்ந்தது. அம்மா புத்தகத்தை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தாள்.

“அம்மா, மாத்திரையைக் குடு.”

அம்மா, மாத்திரையைக் குடு என்றது அவள் காதிலிருந்த இயர்போன்.

அம்மாவின் நெஞ்சில் தொங்கிய மைக் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைக்க மறந்திருக்கிறாள். கையை நீட்டினால் அணைத்துவிடலாம். ஏதோ தலைவலி மாத்திரை என்று எல்லோரும் மறந்தும் விடுவார்கள்.

“இப்பவாடி? அவங்க பாத்துடுவாங்க. பஸ்ஸுல போட்டுக்க.”

தூரத்தில் மாப்பிள்ளையின் அம்மாவுடைய நடை தளர்ந்தது. இவள் விளக்கை அணைக்கக் கை நீட்டவில்லை.

“விரல் துடிக்குதும்மா.”

“ஐயோ! இந்தக் கல்லுல விழுந்து தொலைச்சுடாத, பாப்பா. ஒரு மாசம் பல்லைக் கடிச்சிட்டு இரு. கல்யாணம் முடியட்டும், பக்குவமா நானே சொல்லிக்கறேன்.”

“என்னன்னு சொல்லுவ?”

“என்ன கேள்வி இது?”

“நீ இதுவரைக்கும் அதோட பேரைச் சொன்னதே இல்லம்மா. ‘அது வந்துச்சா, அது வந்துச்சா’ன்னுதான் கேப்ப. எனக்கு என்னன்னு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லு.”

அம்மாவின் முகம் கோணியது. “வலிப்பு! என் பொண்ணுக்கு வலிப்பு. போதுமா? இதைச் சொன்னா எவன்டி உன்னைக் கட்டுவான்?”

முன்னால் ஒரு தலை திரும்பியது. பிறகு இன்னொன்று. பிறகு மொத்தக் கூட்டமும். “என்ன, நின்னுட்டீங்க?” என்று வழிகாட்டி கொடியை ஆட்டினார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

அம்மா அவர்களைப் பார்த்தாள். குனிந்து சிவப்பு விளக்கைப் பார்த்தாள். பிறகு மகளின் காதைப் பார்த்தாள்.

“உனக்குக் கேட்டுச்சா?”

தலையாட்டினாள்.

“கேட்டுக்கிட்டேதான் பேசினியா?”

அதற்கும் தலையாட்டினாள். அம்மாவின் கை ஓங்கி, பாதியில் நின்று, இடுப்புக்குப் போனது. அட்டையை வெளியே எடுத்தாள். அவசரத்தில் அவளால் பிரிக்க முடியவில்லை. இவளே வாங்கிப் பிரித்து, அத்தனை கண்களும் பார்க்கத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள். தொண்டையில் சிக்கி மெல்ல இறங்கியது. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா கூட்டத்துக்கு எதிராக வந்துகொண்டிருந்தார். முட்டுவலியால் ஒரு பக்கம் சாய்ந்த நடை. அருகில் வந்து நின்றார். இயர்போனைக் கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டார்.

“சம்பந்தியம்மா, நான் வந்து...” என்று ஆரம்பித்தாள் அம்மா.

“அத்தை” என்றாள் அவள்.

அவர் அவள் கண்களைப் பார்த்தார். மூடியிருந்த இடது கையைப் பார்த்தார். காலையிலிருந்து அவருடைய பையையும் அம்மாதான் தன் தோளில் சுமந்துகொண்டிருந்தாள். அதை அவர் எட்டி மெதுவாக இறக்கினார். தூசு தட்டித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். திரும்பி நடந்தார்.

சந்து முடிகிற இடத்தில் படிகள் இரண்டாகப் பிரிந்தன. ஒன்று மேலே, அடுத்த நிலைக்கு. மற்றது கீழே, பஸ் நிற்கும் இடத்துக்கு. அவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் வேறொரு கூட்டம் பெரிய மரச்சிலுவையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தது. சிலுவையின் கை அவருடைய நரைத்த கொண்டையை மறைத்தது. அவள் சுவரை விட்டு நிமிர்ந்து, எக்கிப் பார்த்தாள். கூட்டம் கடந்து போனபோது இரண்டு படிகளிலும் வெயில் மட்டும் கிடந்தது.