போன் அடித்தால் போகிறேன்

இரண்டாவது பாட்டின் நடுவில் லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாய் நின்றுவிட்டது.

காலையில் ஜன்னலில் தொங்கிய நட்சத்திர விளக்கு எரியவில்லை என்று மனைவி சொன்னாள். வேலைப் பையைத் துழாவினான். இரண்டு சிவப்பு வயர் இருக்க வேண்டும், ஒன்றுதான் இருந்தது. கிளம்பும் அவசரத்தில் அதையே விளக்கில் முறுக்கிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். மற்றது எங்கே என்பது இப்போதுதான், கிறிஸ்துமஸ் ஆராதனையில், மூன்றாம் வரிசையில் நிற்கும்போது உறைத்தது.

கதவு சாத்தினால்தான் லிஃப்ட் நகரும். பழுது பார்க்கும்போது மட்டும் அந்தக் காவலைத் தாண்ட ஒரு வயரை இணைப்பார்கள். வேலை முடிந்ததும் முதல் காரியமாக அதைக் கழற்ற வேண்டும். நேற்று மதியம் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில், அப்படி ஒன்றை இணைத்தான். முடிக்கிற நேரத்தில் மனைவி போனில் கூப்பிட்டு, தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கி வரச் சொன்னாள். பேசிக்கொண்டே பெட்டியை மூடினான். கழற்றியது நினைவில் இல்லை. கழற்றாமல் விட்டதும் நினைவில் இல்லை.

அந்தக் கட்டடத்தின் நாலாம் மாடியில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் ஒருவர் இருந்தார். கண் தெரியாது. கதவைத் தடவித் திறந்து, காலால் தளத்தைத் தொட்டுப் பார்த்து ஏறுவார். பத்து மணி என்றால் நடக்கக் கிளம்பிவிடுவார். மணி ஒன்பது இருபது.

வாட்ச்மேனின் நம்பர் கம்பெனியில்தான் இருந்தது. கம்பெனியைக் கூப்பிட்டால் எதற்கு என்று கேட்பார்கள். ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தான். இன்னொன்று வந்தால் உரிமம் போகும்.

எதையும் ஆண்டவரைக் கேட்காமல் செய்கிறவன் அல்ல அவன். வீடு மாற, பைக் வாங்க, பல் பிடுங்க, எல்லாவற்றுக்கும் அடையாளம் கேட்பான். மச்சானுக்குப் பல் விளக்கவே மேலேயிருந்து உத்தரவு வரணும் என்று மனைவியின் தம்பி சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரிப்பான். இவனும் கூடச் சிரிப்பான், மறுநாள் மறுபடி கேட்பான்.

இப்போதும் கண்ணை மூடிக் கேட்டான். ஆண்டவரே, பாட்டு முடியறதுக்குள்ள கம்பெனியிலிருந்து போன் வந்தா போகிறேன். வரலைன்னா எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு எடுத்துக்கிறேன்.

பாட்டு முடிந்தது. போன் வரவில்லை. மூச்சு விட்டான்.

அடுத்தது வேத வாசிப்பு. அவன்தான் வாசிக்க வேண்டும். மேய்ப்பர்கள் ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குள் விரைந்த பகுதி. கையிலிருந்த தாளைப் பார்த்தான். அவர்களுக்கு வானமே திறந்து சேதி வந்தது. நமக்கு ஒரு போன்கூட வரவில்லையே என்று நினைத்தான். நினைத்த மாத்திரத்தில் கை சட்டைப் பைக்குப் போனது. வாசலில் நுழையும்போதே, எல்லோரும் செய்வதுபோல, போனை அணைத்து வைத்திருந்தான்.

ஆண்டவரைப் பேசச் சொல்லிவிட்டு அவர் வாயைப் பொத்தி வைத்திருக்கிறான். முகம் சுட்டது. குனிந்து போனை உயிர்ப்பித்தான். பக்கத்து வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். திரை விழித்தது. அழைப்பு எதுவும் இல்லை. கொஞ்சம் காத்தான். இல்லவே இல்லை.

முன்னாலிருந்து போதகர் அவனைப் பார்த்துத் தலையசைத்தார். எழுந்தான். தாளை மனைவியின் மடியில் வைத்தான்.

“நீ வாசி.”

“எங்க போறீங்க?”

“நேத்துப் பார்த்த லிஃப்டுக்கு.”

“யாரு போகச் சொன்னா?”

“யாரும் சொல்லலை.”

அவள் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாளை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தாள்.

பைக் இரண்டு சிக்னலில் நின்றது. இரண்டிலும் அவன் வாய்க்குள் திட்டினான், உடனே மன்னிப்புக் கேட்டான். கட்டடத்தை அடைந்தபோது பத்துக்கு ஐந்து நிமிடம். வாட்ச்மேனைக் கீழ்க்கதவின் முன் நிறுத்தி, யாரையும் ஏற்றாதே என்று சொல்லிவிட்டுப் படிகளில் ஓடினான்.

நாலாம் மாடியில் லிஃப்ட் வந்து நின்றிருந்தது. சுருதிக்காரர் கதவைத் திறந்து பிடித்தபடி காலை எடுத்து வைக்கப் போனார். மெக்கானிக் அவர் தோளைப் பிடித்து இழுத்தான். இருவரும் சுவரில் மோதினார்கள். மேலே யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். கதவு ஆ என்று திறந்து கிடக்க, லிஃப்ட் ஆறாம் மாடிக்குப் போனது.

சுருதிக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“கதவு சாத்தின சத்தம் கேக்கலையே. சாத்தாமலேவா போகுது?”

“ஆமாய்யா. நேத்து நான் பண்ணின தப்பு.”

“நேத்து சாயங்காலம் ரெண்டு தடவை போய் வந்தேனே தம்பி.”

மெக்கானிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, கைப்பிடியைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொல்லி, ஆறாம் மாடியில் காத்திருந்தவரையும் தடுத்துவிட்டு மோட்டார் அறைக்கு ஏறினான்.

பெட்டியைத் திறந்தான். சிவப்பு வயர், விட்ட இடத்தில், விட்டபடியே இருந்தது. கழற்றினான்.

அங்கேயே நின்று மேனேஜருக்கு போன் செய்தான். சொல்லட்டுமா வேண்டாமா என்று யாரையும் கேட்கவில்லை. மேனேஜர் வீட்டில் குழந்தைகள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல நாளும் அதுவுமா என்னப்பா என்றார். அவன் சொன்னான். கூச்சலைத் தாண்டி ஒரு கதவு சாத்தப்பட்டது. யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டார். இல்லை என்றான். யாராவது பார்த்தார்களா என்றார். நான் கழற்றாமல் விட்டதாகவே ரிஜிஸ்டரில் எழுதப் போகிறேன் சார் என்றான்.

மேனேஜர், “எழுது. நாளைக்கு அதைத் தூக்கிட்டு வா” என்றார்.

எழுதிவிட்டு நாலாம் மாடிக்கு இறங்கினான். லிஃப்டை வரவழைத்துக் கதவைத் திறந்து வைத்துப் பொத்தானை அழுத்தினான். நகரவில்லை. சாத்தினான், நகர்ந்தது. மறுபடி திறந்தான். மறுபடி அழுத்தினான். சுருதிக்காரர் கைத்தடியுடன் சுவரோரம் நின்று ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சரியாயிடுச்சுன்னுதானே தோணுது தம்பி? ஏழு தடவை ஆச்சு.”

“இன்னும் ஒரு தடவை பார்த்துடறேன்யா” என்று கதவைத் திறந்தான்.