முப்பத்தெட்டுக் கிலோ மருமகன்

முதலில் அது இலந்தைப் பழம் அளவுக்குத்தான் இருந்தது. வலது தொடை இடுக்கில். படுத்தால் உள்ளே போகும், எழுந்தால் வெளியே வரும். இரண்டு வருடத்தில் எலுமிச்சை ஆனது. மற்றபடி நடத்தையில் மாற்றமில்லை.

மில்லில் நைட் ஷிப்டை விட்டுவிட்டு நான் தண்ணீர் கேன் போட வந்து ஆறு வருடம் ஆகிறது. திண்டுக்கல்லில் மூன்றாவது மாடிக்காரர்களுக்குத்தான் அதிகம் தாகம் எடுக்கிறது. இருபது லிட்டர் கேனைத் தோளில் வைத்து ஏறி ஏறிக் குடல் இறங்கிவிட்டது. ஸ்கேன் பார்த்து அதைச் சொன்னது இஃப்பத் டாக்டர்.

"எப்பப்ப வலிக்குது?"

"கேன் தூக்குறப்ப. இருமுறப்ப. சிரிச்சா."

"சிரிக்கிற ஆள் மாதிரித் தெரியலையே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி அறிவுச்செல்வி அதற்குச் சிரித்தாள். அவளுக்குக் குடல் இருந்த இடத்தில் இருக்கிறது.

டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். ஓட்டையில் வலை வைத்துத் தைக்க வேண்டும். இன்றைக்கே செய்ய வேண்டும் என்றில்லை, ஆனால் தானாகச் சரியாகாது. வெளியே வந்தது உள்ளே போகாமல் கல் மாதிரி இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் அந்த நிமிடமே ஓடி வர வேண்டும். ஆபரேஷன் செய்துகொண்டால் ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது.

அந்த ஆறு வாரம்தான் இடித்தது. நாலாவது வாரம் என் தங்கை மலர்விழி மகன் ரோஹித்துக்குக் காதுகுத்து.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை போட வேண்டும், காது குத்த வேண்டும். எங்களில் அது ஒரு வயதில் நடக்கும். அப்போது பிள்ளை ஒன்பது கிலோ இருக்கும், யார் மடியும் தாங்கும். ரோஹித்துக்கு ஒரு வயதில் வீட்டில் ஒரு சாவு. மூன்று வயதில் கொரோனா. ஐந்து வயதில் எந்தக் கோயிலில் குத்துவது என்று இரண்டு வீட்டுக்கும் சண்டை. ஏழு வயதில் மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை. இரட்டைப்படை வயதில் குத்தக் கூடாது. இப்போது அவனுக்கு ஒன்பது வயது முடியப் போகிறது, முப்பத்தெட்டுக் கிலோ. இந்த முறையும் விட்டால் பதினொன்றில்தான். அதற்குள் ஐம்பதைத் தொட்டுவிடுவான். அவன் அப்பா வழியில் எல்லோருமே கதவை மறைத்துக்கொண்டு நிற்கிற ஆட்கள்.

"ஆபரேஷன மொத முடிங்க. மடிய பிரபு குடுக்கட்டும்" என்றாள் அறிவுச்செல்வி.

பிரபு என் பெரியப்பா மகன். முறைக்கு அவனும் மாமன்தான்.

"பிரபு மடி குடுத்தா ஃப்ளெக்ஸ் அடிப்பான். அதுல நான் ஓரமா ஸ்டாம்பு சைஸ்ல இருப்பேன்."

"ஸ்டாம்பு சைஸ்லயே இருங்க. குடலு உள்ள இருக்கும்."

அன்று சாயங்காலமே பெரியப்பா கருப்பணன் வந்துவிட்டார். எழுபத்தொரு வயது. யார் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்றாலும் முதல் ஆளாக வந்து மருந்து வேண்டாம் என்று சொல்வார்.

"ஏலே ஆனந்து, கத்திய வச்சாத்தாண்டா சீக்கு பெருசாகும். சும்மா விட்ரு. எத்தன பேரு இதோடவே இருந்து சாகுறான்."

"அதத்தான் நானும் சொல்றேன் மாமா, சாகுறாங்கன்னு" என்றாள் அறிவுச்செல்வி.

"வயசாகிச் சாகுறான்னேன் தாயி."

அவர் போன பிறகு, முப்பத்தெட்டுக் கிலோவை நான் தாங்குகிறேனா என்று பார்த்துவிடுவது என்று முடிவானது. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தொடைக்கு ஒன்றாக இரண்டு கேனைத் தூக்கி வைத்தாள். நாற்பது கிலோ. ஐந்து நிமிடம் ஆயிற்று. எலுமிச்சை அசையவில்லை.

"கேனுக்கு யாரும் காது குத்தப்போறதில்ல" என்றாள். "அவன் துள்ளுவான்ல?"

கேன்களை இறக்கிவிட்டு அவளே உட்கார்ந்தாள். உட்கார்ந்து, ஊசி பட்ட பிள்ளை மாதிரித் துள்ளிக் காட்டினாள். கையை உதறினாள். "வேணாம் மாமா, வேணாம் மாமா" என்று ரோஹித் குரலில் கத்தினாள்.

"அவன் முப்பத்தெட்டுத்தான்" என்றேன்.

"நான்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட ஆபரேஷன் எளிது. யோசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் அக்கா, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்து நின்றார். எங்களைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"ரெண்டு கேனு வேணும் தம்பி. அவசரமில்ல. நாளைக்கிக் கூடப் போதும்" என்று சொல்லிவிட்டு, கதவையும் சாத்திவிட்டுப் போனார்.

அறிவுச்செல்விக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. என் மடியிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. எலுமிச்சை வெளியே வந்து எங்களோடு சேர்ந்துகொண்டது. மல்லாந்து படுத்து அதை உள்ளே அனுப்ப முயன்றேன். அவள் சிரிப்பை நிறுத்தவில்லை, அதனால் நானும் நிறுத்த முடியவில்லை, அதனால் அது உள்ளே போகவில்லை. கடைசியில் அவள் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் மருந்துக் கடையில் ஒரு பெல்ட் வாங்கினேன். காதுகுத்து முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம் என்றேன். எங்கள் குடும்பத்தில் எல்லா நல்ல காரியத்துக்கும் இப்படித்தான் நாள் குறிப்பது.

கோயில் ரெட்டியார்சத்திரம் தாண்டி, வெங்காயக் காடுகளுக்கு நடுவில் இருக்கிறது. காலையிலேயே கொட்டும் உறுமியும் ஆரம்பித்துவிட்டன. புது வேட்டிக்குள் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ரோஹித் வந்து மடியில் அமர்ந்தான். கையில் பாதி தின்ற முறுக்கு இருந்தது.

மொட்டை போட இருபது நிமிடம் ஆனது. பெரிய தலை. எனக்குக் கால் மரத்துப் போயிற்று, மற்றது பரவாயில்லை. பிறகு ஆசாரி கம்பியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"மாமா, வலிக்குமா?"

"வலிக்கும்" என்றேன்.

பொய் சொல்லியிருக்க வேண்டும். வலது காதில் கம்பி ஏறியதும் அவன் இரண்டு குதிகாலையும் தரையில் ஊன்றி, முதுகால் என் வயிற்றில் ஒரு முட்டு முட்டினான். பெல்ட்டைத் தாண்டி என்னமோ வெளியே வந்தது. அவன் அம்மாவிடம் ஓடினான். நான் பக்கவாட்டில் சரிந்து விழுந்தேன். தொட்டுப் பார்த்தேன். கல்லாக இருந்தது. அழுத்தினேன், போகவில்லை. என் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை அதற்கு முன் நானே கேட்டதில்லை.

"சாமி வந்துருச்சு" என்றது ஒரு குரல்.

எங்கள் கோயிலில் சாமியாடிக்கொண்டிருந்தவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. அடுத்து யார் மேல் இறங்கும் என்று மொத்தப் பங்காளிகளும் காத்துக்கொண்டிருந்தார்கள். உறுமி வேகமெடுத்தது. ஒருவர் ஒரு பிடி திருநீற்றை என் முகத்தில் அறைந்தார். இன்னொருவர் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தார். இரண்டு பேர் என் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள். பிரபு ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"படுக்கணும்" என்றேன்.

"சாமி படுக்கணுமாம்."

படுக்க வைத்தார்கள். முழங்காலை மடக்கிக்கொண்டேன். சுற்றி நின்று கும்பிட்டார்கள்.

"என்ன குறை வச்சோம் சாமி? சொல்லுங்க."

"ஆஸ்பத்திரி" என்றேன்.

கொட்டு நின்றது.

"ஆருக்கு சாமி ஆஸ்பத்திரி?"

"குடலு எறங்கி... மாட்டிக்கிச்சு. சீக்கிரம் கூட்டிட்டுப் போங்கடா."

அப்போதுதான் கருப்பணன் பெரியப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"மறச்சுட்டேன் சாமி. பதினோரு வருசமா ஒருத்தருகிட்டயும் சொல்லல. பெத்த பிள்ளைக்கிக் கூடத் தெரியாது."

எழுந்து நின்று இடுப்பிலிருந்து ஒரு துண்டை அவிழ்க்க ஆரம்பித்தார். அவிழ்க்க அவிழ்க்க வந்துகொண்டே இருந்தது. அவருக்கு இருந்தது தேங்காய் அளவு. வேட்டிக்கு மேலேயே தெரிந்தது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"இந்தத் துண்ட மட்டும் தொவைக்கக் குடுக்கவே மாட்டாரு. ஏன்னு இப்பத்தான தெரியுது" என்றார் அவர் மனைவி பேச்சாயி.

அந்த இடத்தில் அறிவுச்செல்வி வந்து சேர்ந்தாள். ஆட்டுக்கறி அரிந்துகொண்டிருந்த கையோடு. ஒரே பார்வையில் புரிந்துவிட்டது.

"அது சாமி இல்ல. எங்க வீட்டுக்காரரு" என்றாள். "வேன எடுங்க."

யாரும் நம்பவில்லை. ஆனால் சாமியும் வேனைத்தான் கேட்டது என்பதால் எடுத்தார்கள்.

என்னைத் தூக்கும்போது மலர்விழி குறுக்கே வந்து நின்றாள். அழுதுகொண்டே, "அண்ணே, இன்னொரு காது?" என்றாள்.

நாலு வாரமாக எதற்காகக் குடலைக் கையில் பிடித்துக்கொண்டு திரிந்தேனோ, அதில் பாதிதான் நடந்திருந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"பிரபு மடியில குத்துங்க" என்றேன். வலித்தது. குடலைச் சொல்லவில்லை.

பிரபு ஃபோனை யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடிப்போய்ச் சம்மணம் போட்டான்.

வேனில் நானும் பெரியப்பாவும் எதிரெதிராக முழங்காலை மடக்கிப் படுத்திருந்தோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் இரண்டு பேரும் ஒரே சுருதியில் கத்தினோம். இஃப்பத் டாக்டர் எனக்கு ஊசி போட்டு, அரை மணி நேரம் போராடி அதை உள்ளே தள்ளினார். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் குடலையே வெட்டி எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார். என் முகத்தில் இருந்த திருநீற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெரியப்பாவைப் பார்த்துவிட்டு மட்டும், "இம்புட்டு நாளா எப்படி நடந்தீங்க?" என்றார்.

"பொறுமையா" என்றார் பெரியப்பா.

இரண்டு பேருக்கும் நாலாம் நாள் ஆபரேஷன். சாமி உத்தரவு என்பதால் சர்க்கரை, பிரஷர், ஈசிஜி எல்லாவற்றுக்கும் பெரியப்பா மறுபேச்சு இல்லாமல் கையை நீட்டினார். அவர் ஊசிக்குக் கையை நீட்டி நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

முதலில் எனக்கு முடிந்தது. முதுகில் போட்ட ஊசியால் இடுப்புக்குக் கீழே யாரோ வேறு ஆள் படுத்திருப்பது மாதிரி இருந்தது. அடுத்து பெரியப்பாவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி என் கட்டிலைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போனார்கள். பச்சை உடுப்பு. அவர் என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் தள்ளிப் பார்த்தாள். விடவில்லை.

"ஏலே ஆனந்து."

"சொல்லுங்க பெரியப்பா."

"அறிவுச்செல்வி, சாமி இல்லன்னு ஏதோ சொல்லுச்சே. செத்த நேரம் யோசிச்சேன். நெசத்தச் சொல்லு. அன்னைக்கி உனக்குச் சாமி வந்துச்சா, இல்லையா? வரலேன்னா நான் எறங்கி வீட்டுக்குப் போறேன்."

அறிவுச்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. எனக்கும் வந்தது. தையல் போட்ட வயிறு, சிரிக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த முகத்தை அவர் வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். கம்பியில் இருந்த பிடி தளர்ந்தது.

"வந்துச்சு" என்றேன். "பேசாமப் போய்ப் படுங்க."