கூட வரும் துணை

எங்கள் தீவில் இருந்து வெளிநாடு போன எல்லாரையும் யாராவது ஒருவர் கூப்பிட்டுத்தான் எடுத்திருக்கிறார். அண்ணன் தம்பியை எடுத்தான், புருஷன் பெண்சாதியை எடுத்தான். என் மனைவி நிலாந்தியை ஒருவரும் எடுக்கவில்லை. மருந்தாளர் வேலை, படிப்பு, வயது, ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் கனடாவுக்கு, நிரந்தரமாகக் குடியேறத் தானே விண்ணப்பித்தாள். அந்தப் படிவத்தில் நான் கூட வரும் துணை, அவ்வளவுதான்.

நான் நிலஅளவையாளன். புங்குடுதீவில் கனடாவுக்குப் போனவர்களின் வெறுங்காணிகளை அளந்து அளந்தே தலை நரைக்கத் தொடங்கியவன். அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். இரண்டு பேரும் ஒரே நாளில் பரீட்சை எழுதினோம். ஒன்பதுக்கு அவளுக்கு எட்டு, எனக்கு ஐந்தரை. றிசல்ட் வந்த அன்று அவள் பாயாசம் வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீனி காணாது என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் குசுகுசுப்பு தொடங்கியது. காலையில் குசினிக்குள் காதில் வயரைச் செருகிக்கொண்டு ஏதோ பேசுவாள். நான் உள்ளே போனால் வாயை மூடிவிடுவாள். நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போன படகிலும் தள்ளி இருந்து, போனைப் பார்த்துச் சிரித்தாள். அவளோடு பல்கலைக்கழகத்தில் படித்த சுஜிதன் கனடாவில் இருக்கிறான். அம்மனைக் கும்பிடக் கண்ணை மூடினாலும் அவன் முகம்தான் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எரிந்துகொண்டுதான் நின்றேன்.

போன சனிக்கிழமை பொறுக்க முடியாமல் போனைப் பறித்தேன்.

"ஆரோட கதைக்கிறனீர்? சுஜிதனோடயோ?"

வயர் கழன்றுவிட்டது. ஒரு பெண் குரல் பிரெஞ்சில் எதையோ நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தது. அது பாடம்.

நிலாந்தி கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கூடச் சுட்டது. என் ஆங்கிலத்தால் இருவருக்கும் சேர்த்து வரும் புள்ளி குறைந்துவிட்டதாம். நோகும் என்றுதான் இவ்வளவு நாளும் சொல்லவில்லையாம்.

"உங்களைச் சேர்க்காமல் போட்டிருந்தால் போன மாசமே எனக்குக் கிடைச்சிருக்கும்," என்றாள். "பிரெஞ்சுக்கு மேலதிகமாப் புள்ளி குடுக்கினம். உங்களையும் கொண்டு போறதுக்குத்தான் படிக்கிறன்."

இன்னொருத்தன் இருந்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். ஊரும் என் பக்கம் நின்றிருக்கும். என்னைச் சுமக்கிறதுக்கு ஒருத்தி இன்னொரு பாஷை படிக்கிறாள் என்றால் நான் யாரோடு சண்டை பிடிப்பது? அவள் மூளை மேல்தான் எனக்குப் பொறாமை. முதலில் இருந்தே அதுதான். சுஜிதன் பாவம், சும்மா இழுபட்டான்.

நீர் தனியப் போம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஓம் என்றுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்து, பிரெஞ்சைப் படியும் என்றேன்.