க்ளூவும் கல்யாண லீவும்

என் அக்கா மகன் அகராதி ஆபீசில் ஒரே ஒரு சொல்லைக் கட்டிக்கொண்டு நான்கு வருஷம் மாரடித்தான். பழைய ஆங்கிலச் சொல், 'க்ளூ'. இன்று துப்பு என்கிறோமே, அதுதான். ஆதியில் அதற்கு நூல்கண்டு என்று பொருளாம். சிக்கலான பாதைக்குள் போகிறவன் நூலைப் பிரித்துக்கொண்டே போய், அதைப் பிடித்துக்கொண்டே திரும்புவான் அல்லவா? அப்படி வழிகாட்டிய நூல்கண்டு பிற்பாடு துப்பாகிவிட்டது. இதைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் ஆயிற்று. எனக்குச் சம்பளம் கிடையாது.

அந்த ஆபீசில் ஒரு சட்டம். சொல்லை எடுத்தவனுக்கு அதை முடிக்கும்வரை லீவு இல்லை. எழுதி முடித்தாலும் முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் யாராவது இன்னும் பழைய புத்தகத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததாக எழுதிப்போட்டால், மறுபடி முதல் நாள். ஒரு பல் டாக்டர் தவறாமல் இருபத்தொன்பதாம் நாள் எழுதிப்போட்டார். அதனால் அவன் கல்யாணம் நான்கு தரம் தள்ளிப்போயிற்று. இன்னொரு தரம் தள்ளினால் வேறு மாப்பிள்ளை பார்ப்பதாகப் பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். அவர் கோபத்தில் வீட்டுக் குழாயில் வெந்நீர் வந்ததாகக் கேள்வி; நான் தொட்டுப் பார்க்கவில்லை.

நான்காம் கடிதமும் வந்த அன்று பையன், பெண், நான் மூவரும் டாக்டரிடம் போனோம். பையன் கெஞ்சினான். டாக்டர், நாற்காலியில் கிடந்த நோயாளியின் வாய்க்குள்ளிருந்து தலையைத் திருப்பினார்.

"நீங்கதானே தம்பி கேட்டுக்கிட்டே இருக்கீங்க?"

இழுப்பறையிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்துப் போட்டார். எழுதிப்போடுகிறவர்களுக்கெல்லாம் நன்றிக் கடிதம் அனுப்புவது ஆபீஸ் வழக்கம். 'தங்கள் உதவி பொன்னானது. இன்னும் பழையது கிடைத்தால் தயங்காமல் எழுதுங்கள்.' மூன்றிலும் என் அக்கா மகன் கையெழுத்து.

பெண் நிதானமாகப் படித்தாள். "எனக்கு ஒரு வரி எழுதினதில்ல. இவருக்கு மட்டும் பொன்னா?"

நாற்காலியில் வாய் பிளந்து கிடந்தவர் சிரித்தார் என்று நினைக்கிறேன்; அந்த வாயை வைத்துக்கொண்டு வேறென்ன செய்ய முடியும்?

பதில் போடாவிட்டால் மேலதிகாரி தோலை உரித்துவிடுவார் என்று பையன் முனகினான்.

"அப்ப இந்தத் தடவை நான் எழுதறேன்" என்று அவள் பேனாவைப் பிடுங்கினாள். முப்பத்திரண்டாம் நாள் கல்யாணம், குடும்பத்தோடு வரவும், அதுவரை வேறு சொல்லைத் தேடவும், வரும்போது கையை வீசிக்கொண்டு வரவும் என்று எழுதி அங்கேயே நீட்டினாள்.

டாக்டர் அப்படியே வந்தார். பெண்ணின் அப்பா வாசலில் அவருடைய சட்டைப்பை இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.