மேல்டிவிசன் பள்ளிக்கூடத்தில் பிள்ளை எண்ணிய நாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல்டிவிசனில் ஆனி மாதம் பிறந்துவிட்டால் பொழுது விடிவது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். வேலைக்கு எழுப்பும் தப்பு மேளச் சத்தம் கேட்டால் விடிந்துவிட்டது என்று அர்த்தம். நோட்டன் பிரிட்ஜ் அணைத் தண்ணீரின் மேலிருந்து பனி கிளம்பி, ஓடை வழியே ஏறி வந்து, லயத்து வரிசை வீடுகளின் வாசலில் நிற்கும். கதவைத் திறந்தால் உள்ளே வந்து அடுப்போரம் உட்காரும். அந்தப் பனிக்குள்தான் பள்ளிக்கூடமும் இருந்தது. தகரம் போட்ட ஒரே அறை. சுவர் இடுப்பளவு, அதற்கு மேலே வெறும் கம்பி. பாடம் நடக்கும்போது முன் பெஞ்சுப் பிள்ளைகள் மட்டும் தெரிவார்கள். பின் பெஞ்சிலிருந்து வாய்ப்பாட்டுச் சத்தம் மட்டும் வரும்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம் அங்கே எண்பதுக்கு மேல் பிள்ளைகள் படித்தன. பிறகு தேய்ந்துகொண்டே போயிற்று. சில குடும்பங்கள் இந்தியாவுக்குப் போய்விட்டன. சிலர் அணைக்கட்டு வேலைக்குப் போய் அந்தப் பக்கமே தங்கிவிட்டார்கள். ஒரு மழைக்காலம் மண் சரிந்து மூன்றாம் லயம் சாய்ந்தபோது அங்கே இருந்தவர்களையெல்லாம் கீழ்டிவிசனுக்கு மாற்றினார்கள். அறுபத்தைந்தாம் வருஷம் பிள்ளைகள் பேரெழுதிய இடாப்பில் மிஞ்சியது முப்பத்தொரு பெயர். அதில் ஒன்று என் மகள் பூரணி. நாலாம் வகுப்பு.

பூரணியைப் பற்றி என் வீட்டுக்காரர் பொன்னையா முன்பே சொல்லிவிட்டார்.

"பள்ளிக்கூடம் இங்க இருக்கிற மட்டும் போகட்டும். கீழ மூணு மைலு, ஓடை தாண்டி, நான் பொம்பளப் புள்ளைய அனுப்ப மாட்டேன். வெறகு பொறுக்கிட்டு இருக்கட்டும். வயசு வந்ததும் பேர் பதிஞ்சிருவோம்."

பேர் பதிவதென்றால் கொழுந்துக்கு அனுப்புவது. எனக்குப் பதினோரு வயதில் பதிந்தார்கள். அன்று தோளில் ஏறிய கூடை இன்னும் இறங்கவில்லை.

எழுத்து நான் படித்தது நாலு வருஷத்துக்கு முன்னால். நல்லமுத்து மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பொம்பளைகளுக்கு வகுப்பு வைத்தார். பதினொரு பேர் போனோம். மற்றவர்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். நான் போய்க்கொண்டே இருந்தேன். விரல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் எங்கள் லயத்தில் கடுதாசி வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள்.

அந்தக் கடுதாசியும் அப்படித்தான் வந்தது. பெரட்டுக்களத்தில், காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் இடத்தில், பலகையில் ஒட்டியிருந்தது. வேலை முடிந்து திரும்பும்போது என்னைச் சூழ்ந்து நிற்க வைத்தார்கள். வாசித்தேன். செவ்வாய்க்கிழமை பாடசாலைப் பரிசோதகர் வருகிறார். பிள்ளைகளை நேரில் எண்ணுவார். இருபத்தைந்துக்குக் குறைந்தால் இந்தப் பள்ளிக்கூடம் மூடப்பட்டுக் கீழ்டிவிசன் பள்ளிக்கூடத்தோடு சேர்க்கப்படும். அதன் கீழே கட்டம் போட்டிருந்தது. பிள்ளையின் பெயர். வயது. தகப்பன் பெயர். தகப்பன் பிறந்த இடம்.

கடைசிக் கட்டத்தை நான் வாசித்ததும் பொம்பளைகள் பிள்ளைகளைக் கிட்டே இழுத்துக்கொண்டார்கள்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டபோதும் இதே கேள்விதான் கேட்டார்கள். என் அப்பாவுக்கு யாரோ எதையோ எழுதிக் கொடுத்து, 'இல்லை' என்று வந்தது. இந்த லயங்களிலும் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் வந்தது. போன வருஷம் இலங்கை, இந்தியா ரெண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டு, இத்தனை லட்சம் அங்கே, இத்தனை லட்சம் இங்கே என்று பிரித்துவிட்டார்களாம். யார் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது.

"நாகு," என்றாள் அடுத்த காம்பரா வீட்டு வேலாயி. "இந்தப் பேரெழுதுறது பள்ளிக்கூடத்துக்கா, இந்தியாவுக்கு ஏத்துற கப்பலுக்கா?"

எனக்குத் தெரியும். அன்று காலையிலேயே பலகையைப் பார்த்துவிட்டுப் போய் மாஸ்டரிடம் கேட்டிருந்தேன். "இது பள்ளிக்கூடக் கணக்கு மட்டும்தான் நாகலெட்சுமி, வேற ஒண்ணுமில்ல. எல்லாப் புள்ளையையும் அனுப்பச் சொல்லு," என்று அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். எல்லாருடைய கண்ணும் என் முகத்தில் இருந்தது. நாளைக்கு ஒரு லொறி வந்து பிள்ளைகளை ஏற்றினால், 'அவதான் வாசிச்சுச் சொன்னா' என்பார்கள். நாலு வருஷத்து எழுத்தை வைத்துக்கொண்டு அத்தனை பிள்ளைக்கு நான் எப்படிப் பொறுப்பு நிற்பது?

"தெரியலக்கா," என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது.

செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் ஆம்பளைகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்குப் போய்விட்டார்கள். அங்கேதான் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. பாதி மலை வெட்டி மொட்டையாக நிற்கும். மறுபாதி இன்னும் வெட்டாதது, ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடி. அதற்கடியில் புகுந்து உட்கார்ந்தால் பக்கத்து நிரையில் இருப்பவனுக்கும் தெரியாது. யார் கூப்பிட்டாலும் வரக்கூடாது, பெத்தவ குரல் கேட்டாலும் வரக்கூடாது என்று சொல்லி வைத்தார்கள். பூரணி போகமாட்டேன் என்று சிலேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்ஸ்பெக்டர் வந்தா பாட்டு நாந்தான் படிக்கணும். மாஸ்டர் சொல்லியிருக்காரு."

"பாட்டப் படிச்சிட்டு நீ மட்டும் கப்பலேறிப் போ," என்று பொன்னையா அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

என்னைப் பார்த்தாள். நான் கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அன்றைக்கு எனக்குக் கொழுந்து, பள்ளிக்கூடத்துக்கு மேலே உள்ள மலையில். பனி அப்படியொரு பனி. என் விரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. எடுத்த கொழுந்து கூடைக்குப் போகிறதா, காற்றுக்குப் போகிறதா என்று தெரியவில்லை. ஒரு காற்று அடித்தபோது பனி விலகிக் கீழே பள்ளிக்கூடம் தெரிந்தது. கம்பி வழியே பெஞ்சுகள் தெரிந்தன. முன்னால் கொஞ்சம் தலை, பின்னால் வெறும் பலகை. குடை பிடித்த ஒருவர் உள்ளே போனார். பிறகு பனி மூடிக்கொண்டது. மூடின பிறகும் அந்த வெறும் பெஞ்சுகள் என் கண்ணுக்குள் நின்றன.

கூடையை இறக்கி வைத்தேன்.

"என்னா மகாராணி, காரு வந்திருச்சா?" என்று கத்தினார் கங்காணி பழனியாண்டி. "நெரைய விட்டுட்டுப் போனா நாளைக்கு வேலை கெடையாது, பாத்துக்க."

நான் இறங்கி ஓடினேன்.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மேசையில் இடாப்பு விரித்திருந்தது. பெஞ்சில் ஒன்பது பேர். கங்காணி வீட்டுப் பிள்ளைகள் மூன்று. மற்றவை பிரஜாவுரிமைக் கடிதம் கிடைத்த வீடுகளின் பிள்ளைகள். அந்த வீட்டுக்காரர்களுக்குப் பயமில்லை.

"மற்றப் பிள்ளையள் எங்கை, மாஸ்டர்?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். கால் முழுக்கச் சேறும் அட்டை கடித்த இரத்தமுமாக வாசலில் நின்றேன்.

"ஐயா, பிள்ளைங்கெல்லாம் மலையில ஒளிஞ்சிருக்கிறாங்க. கப்பலுக்குன்னு நெனைச்சுட்டாங்க. நாங்க சொல்லாம விட்ட பிழைங்க. எழுதிராதீங்க ஐயா."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். கோபக்காரராகத் தெரியவில்லை. நனைந்த சப்பாத்தோடு ஏறி வந்த களைப்புத்தான் தெரிந்தது.

"நான் கண்ணாலை காணுறதைத்தான் எழுதலாம், அம்மா. இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறன். போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ."

மாஸ்டர் இடாப்பை என் கையில் கொடுத்தார். "பேரு விட்டுறாமக் கூப்பிடு. நான் வந்தா பயந்து இன்னும் உள்ள போயிருவாங்க."

ஏழாம் நம்பர் மலையின் ஓரத்தில் போய் நின்றேன். வெட்டின பாதியில் ஆட்களைக் காணவில்லை. கவ்வாத்துக் கத்திகள் மட்டும் செடியில் சாய்ந்து கிடந்தன. வெட்டாத பாதியில் பனி இறங்கி, எந்த இடத்தில் செடி முடிந்து எந்த இடத்தில் வானம் தொடங்குகிறது என்று தெரியாமல் கிடந்தது. காட்டில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

இடாப்பைத் திறந்து, விரல் வைத்து வாசித்தேன்.

"செல்லசாமி மகன் ராமையா."

பனி வாங்கிக்கொண்டது.

"பொன்னையா மகள் பூரணி."

என் குரல் எங்கேயோ போய், கொஞ்ச நேரம் கழித்து வேறு பக்கத்திலிருந்து திரும்பி வந்தது. அடுத்த பெயர். அதற்கடுத்த பெயர். நடுவில் சத்தம் போட்டேன். "நான் நாகு வந்திருக்கேன். தனியாத்தான் நிக்கிறேன். இது பள்ளிக்கூடத்துக்குத்தான். வாங்க." ஒரு செடி அசைந்த மாதிரி இருந்தது. யாரோ இருமலை அடக்கினார்கள். அந்த மலை முழுக்க மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அத்தனை மூச்சும் சேர்ந்துதான் இந்தப் பனி என்றுகூடத் தோன்றியது. பெஞ்சில் இருந்த ஒன்பது போக, மிச்ச இருபத்திரண்டு பெயரையும் வாசித்து முடித்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி வாசித்தேன்.

ரெண்டாம் தரம் பாதியில் ஒரு செடி விலகியது. வேலாயியின் கடைக்குட்டி லெட்சுமி, நாலு வயது, கையில் கடித்த ரொட்டியோடு வெளியே வந்து நின்றாள். அவள் இன்னும் பள்ளிக்கூடத்தில் சேரவில்லை. இடாப்பில் அவள் பெயரே இல்லை.

"என்னைய ஏன் கூப்பிடல?" என்று கேட்டாள்.

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். இன்ஸ்பெக்டர் அவளையும் இடாப்பையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். அவருடைய தாளில் அதற்கு முன்னாலேயே ஒன்பது என்று எழுதியிருந்தது.

மூன்று வாரத்தில் பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லிக் கடிதம் வந்தது. பெஞ்சுகளையும் கரும்பலகையையும் கீழ்டிவிசனுக்குத் தூக்கிப் போக ஆள் போட்டார்கள். பனிக்குள் பெஞ்சுகள் தாமே கால் முளைத்து இறங்குகிற மாதிரி போயின. பூரணி ஒன்றும் கேட்கவில்லை. விறகுக் கயிற்றை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போனாள். கேட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் பொம்பளைகள் எல்லாரும் தண்ணீர் பிடிக்க நின்றபோது நான் சொன்னேன்.

"அன்னைக்கு வேலாயி அக்கா கேட்டப்ப எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குத்தான்னு மாஸ்டர் சொல்லியிருந்தாரு. பழி வந்திருமோன்னு பயந்து தெரியலன்னு சொல்லிட்டேன்."

குடம் நிரம்பி வழிந்தும் யாரும் எடுக்கவில்லை.

"எழுத்துப் படிச்சு என்னாத்துக்கடி?" என்றாள் வேலாயி. "பொய் சொல்றதுக்கு எங்களுக்கே தெரியுமே." குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். நாலு எட்டுப் போய்த் திரும்பினாள். "கீழ்ப் பள்ளிக்கூடத்துலயும் அந்தக் கட்டம் எழுதுவாங்களா?"

"எழுதுவாங்க. அதுனால ஒண்ணும் ஆகாது. ஆனா நான் பொறுப்பு."

"நீ பொறுப்பு," என்று அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

வீட்டில் பொன்னையா அடுப்பு முன்னால் குந்தியிருந்தார். பீலியில் சொன்னது அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. திட்டுவார் என்று நின்றேன்.

"அன்னைக்கு நீ கூப்பிட்டது கேட்டுச்சு," என்றார் நெருப்பைப் பார்த்துக்கொண்டே. "இடாப்ப வாசிக்கிற ஒன் கொரலு, கந்தோர்ல கிளாக்கரு பேர் கூப்பிடுற மாதிரியே இருந்துச்சு. பக்கத்துல ஒருத்தன் நின்னு சொல்ல வைக்கிறான்னு நெனைச்சோம். பூரணி மட்டும் நம்பல. 'அம்மா எழுத்துக் கூட்டுறாங்கப்பா'ன்னு எந்திரிச்சா. நாந்தான் தோளைப் புடிச்சு அமுக்கினேன். வாயையும் பொத்தினேன்."

சொல்லிவிட்டுத் தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"கையில கடிச்சா. புள்ள பல்லு இன்னும் பதிஞ்ச மாதிரியே இருக்கு."

ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டு அவரே சொன்னார்.

"கவ்வாத்து கணக்கு வேலைதான. பிந்தித் தொடங்கினாலும் செடிக் கணக்கு முடிஞ்சாச் சரி. கங்காணிகிட்டக் கேட்டுட்டேன். காலையில ஓடை தாண்டி நான் கொண்டு போய் விடுறேன்."

திங்கட்கிழமை லயத்து முனையில் பதினாலு பிள்ளைகள் வந்து நின்றன. முப்பத்தொன்றில் பதினாலு. வேலாயி அக்கா தன் பிள்ளைகளில் பெரியவனை மட்டும் அனுப்பியிருந்தாள். அட்டை ஏறாமலிருக்க எல்லாக் காலிலும் சவர்க்காரம் தேய்த்துவிட்டேன். பொன்னையா தடியால் பாதைப் புல்லைத் தட்டிக்கொண்டு முன்னால் இறங்கினார். பிள்ளைகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பனிக்குள் போயின. முதலில் கால் மறைந்தது, பிறகு சிலேட்டு, பிறகு தலை. எனக்குப் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் நின்றேன்.

கீழேயிருந்து பூரணியின் குரல் மட்டும் வந்தது.

"வெரசா நடங்கப்பா. மணியடிச்சிருவாங்க."