முதல் ஷிப்டு வாத்து

அந்தக் கிறிஸ்துமஸ் விருந்தில் வாத்துக்கறி தின்ற எல்லோருடைய வயிற்றிலும் அந்த வாத்து இன்றைக்கும் கத்துகிறது. காலையில் முதல் ஷிப்டு பஸ் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பிக்கும். ஷிப்டு முடிகிறவரை விட்டுவிட்டுக் கத்தும். ஞாயிற்றுக்கிழமை லீவு. ஒரகடம் பக்கம் இதைப் பற்றி விசாரித்தால் யாரும் கண்ணை விரித்துச் சொல்ல மாட்டார்கள். எந்தக் கம்பெனியில் ஓவர்டைம் அதிகம், எந்த மெஸ்ஸில் சாம்பார் தண்ணீர் என்று சொல்கிற அதே குரலில்தான் சொல்வார்கள்.

வாத்தைச் சமைத்தவள் அமலா. கார் கதவுக்குத் தகடு அடிக்கிற ஓர் இங்கிலாந்துக் கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸில் அவள் சமையல்காரி. கெஸ்ட் ஹவுஸ் கம்பெனி கேட்டை ஒட்டியே இருந்தது. புதரிலிருந்து பாம்பு வருகிறது என்று ஒரு கூஸ் வாத்தை வாங்கி விட்டிருந்தார்கள். வெள்ளை நிறம், இடுப்பளவு உயரம். புது ஆளைக் கண்டால் கழுத்தைத் தரையோடு நீட்டிக்கொண்டு கத்தியபடி துரத்தும். ஒரு வாரம் பழகிவிட்டால் திரும்பியும் பார்க்காது. ஆனால் பேச்சிராஜை மட்டும் அது கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து காண்டிராக்டில் வந்து, தகட்டை அச்சில் வைத்து நசுக்குகிற பிரஸ் லைனில் சேர்ந்த பையன் அவன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தினமும் காலையில் அவன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாத்து கூப்பாடு போட, அமலா சமையலறை ஜன்னலில் நின்று, “நம்ம ஆளுதான், வுடு!” என்று அதட்டுவாள். உடனே அடங்கிவிடும். “எம்மேல மட்டும் அதுக்கு அப்படி என்னக்கா கோவம்?” என்று கேட்டு, ஜன்னலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவன் உள்ளே போவான்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலையிலும் வாத்து அப்படித்தான் கத்தியது, அமலா அதட்டினாள், அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். சாயங்காலம் அவன் உடல் வாலாஜாபாத் போகிற சாலையோரம் கிடந்தது. லாரி அடித்துவிட்டது என்றார்கள். நெஞ்சு முழுவதும் ஒரே கனத்துக்கு, மடித்த வேட்டிபோலத் தட்டையாகியிருந்தது. லாரி அப்படி நசுக்காது என்பது பிரஸ் லைனில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். ஹெச்.ஆர். மேனேஜர் ஸ்ரீதர் லைன் ஆட்களைக் கூட்டிவைத்து, அவன் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று சொன்னார். காண்டிராக்டர் எல்லப்பன் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார். லைன் ஆட்கள் தங்கள் பாதங்களைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார்கள். அமலாவும் டீ டம்ளர்களைக் கழுவியபடி கேட்டுக்கொண்டாள்.

பேச்சிராஜின் மனைவி இசக்கிசெல்வி உடலை ஊருக்குக் கொண்டுபோய், காரியமெல்லாம் முடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். கேட்டுக்கு எதிரே, மண் மேட்டில், ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தாள். வருகிற போகிற கார்களை எல்லாம் மறித்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். “அன்னைக்கு அவுக வேலைக்கு வந்தாகளா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க.” கார்க் கண்ணாடிகள் ஏறிக்கொண்டன. கார்த்திகை போய் மார்கழி வந்தபோதும் அவள் அங்கேயேதான் இருந்தாள்.

கம்பெனியின் தலைமை அதிகாரி கிரெய்க் என்ற இங்கிலாந்துக்காரர். கிறிஸ்துமஸ் மதியத்துக்கு அவருக்கு அவர் ஊர்ப்படி முழு வாத்து வேண்டும், ஓவனில் சுட்டது. சென்னையில் சொல்லிவைத்த வாத்து வந்து சேரவில்லை. அவர் ஜன்னல் வழியாக முற்றத்தைக் காட்டினார். ஸ்ரீதர் வந்து சொன்னபோது அமலா கையைப் பிசைந்தாள். “சார், அது காவலுக்கு வச்சிக்கிறது சார். கெழட்டு வாத்து, வேகாது.”

“ஓவன்ல நாலு மணி நேரம் கெடந்தா இன்னா வேகாது? மனுஷன் வருஷத்துக்கு ஒரு நாள் கேக்குறாரு. செஞ்சி வைம்மா.”

அவளே பிடித்து, அவளே கழுத்தைத் திருகினாள். அவள் கை என்பதால் அது கத்தவில்லை. அதுதான் அவளுக்கு ரொம்ப நாள் உறுத்தியது. கிரெய்க்கின் அக்கா இங்கிலாந்திலிருந்து போனில் முகம் காட்டிச் செய்முறையைச் சொல்ல, ஸ்ரீதர் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். வெந்நீரில் முக்கி இறகைப் பறித்தாள். வயிற்றுக்குள் மஞ்சளாகப் படிந்திருந்த கொழுப்பை உருவினாள். கறியில் படாமல் தோலை மட்டும் கோணி ஊசியால் குத்தி, கொதிக்கிற தண்ணீரை மேலே ஊற்றி, துணியால் ஒற்றிக் காயவைத்தாள். வெங்காயம், ரொட்டித் தூள், சேஜ் என்று பாக்கெட்டில் வந்த ஒரு காய்ந்த இலை எல்லாவற்றையும் பிசைந்து உள்ளே அடைத்து, நூலால் தைத்தாள். கம்பித் தட்டின்மேல் மல்லாத்தி ஓவனுக்குள் தள்ளினாள். நெய்யாக வழிந்த கொழுப்பை வடித்து வடித்து எடுத்து, அதிலேயே உருளைக்கிழங்கை மொறுமொறுப்பாக வறுத்தாள். ஆப்பிளைக் குழைய வேகவைத்துத் தொட்டுக்கொள்ள வைத்தாள். மதியத்துக்குள் தோல் அதிரசம்போலச் சிவந்து உப்பிவிட்டது. உப்பு பார்ப்பதற்காக ஓரத்தில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். கழுத்தையும் ஈரலையும் குழம்புக்குக் கொதிக்கவிடச் சொன்ன அக்காவின் பேச்சை மட்டும் அவள் கேட்கவில்லை. அவற்றை மிளகு போட்டு வதக்கி, சோற்றோடு கொண்டுபோய் இசக்கிசெல்வியின் முன்னால் வைத்தாள். அவள் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டாள்.

விருந்துக்கு ஸ்ரீதரும் எல்லப்பனும் வந்திருந்தார்கள். பேச்சிராஜ் விஷயத்தை விசாரிக்கப்போகிற அரசாங்க அதிகாரியும் வந்திருந்தார். எலும்புதான் மிஞ்சியது. மறுநாள் காலை முதல் ஷிப்டு பஸ் உள்ளே வந்தபோது, குன்றத்தூரில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஸ்ரீதரின் வயிற்றில் வாத்து கத்தியது. எல்லப்பனுக்குக் கோயில் வரிசையில், அதிகாரிக்குக் குளியலறையில். டாக்டர்கள் வாயு என்றார்கள். எண்டோஸ்கோப்பி எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. அமலாவுக்கு மட்டும் தன் வயிற்றின் முதல் கத்தலிலேயே விளங்கிவிட்டது. பேச்சிராஜுக்காக மட்டும் அது போடுகிற கூப்பாடு அது. அவள் ஜன்னலுக்கு ஓடினாள். பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கி முடித்திருந்தார்கள்; கடைசிப் படியில் யாரும் இல்லை. ஆனால் டிரைவர் கதவை மூடாமல் கொஞ்சம் பொறுத்துத்தான் மூடினார். ஏன் என்று அவருக்கே தெரியாது. அமலா வயிற்றில் கை வைத்து, பழைய பழக்கத்தில், “நம்ம ஆளுதான், வுடு” என்றாள். அவள் வயிறு அடங்கியது.

தை பிறந்து, வெளியாள் கண்ணில் படாமல் விடியற்காலையிலேயே கெஸ்ட் ஹவுஸ் ஹாலில் விசாரணை நடந்தது. இசக்கிசெல்வியை நிற்கவைத்திருந்தார்கள். அன்றைக்கு அந்த ஆள் வரவே இல்லை என்று ஸ்ரீதர் ஆரம்பித்தபோது வெளியே பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. ஹாலில் இருந்த அத்தனை வயிறும் ஒன்றாகக் கத்தின. கிரெய்க் மேஜையைப் பிடித்துக்கொண்டார். டீத் தட்டோடு வந்த அமலா நின்றாள்.

“சார், இது நிக்கிறதுக்கு ஒரே வழிதான் கீது. நம்ம ஆளுதான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. அடங்கிடும்.”

“யாரச் சொல்ற?” என்று கேட்டார் அதிகாரி.

“பேச்சிராஜத்தான் சார். இப்ப உள்ள வந்துகினு கீறாரு.” தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் தன் வயிற்றைத் தொட்டாள். “நம்ம ஆளுதான். அன்னிக்கும் வந்தாரு. நான் பாத்தேன்.”

அவள் வயிறு ஓய்ந்தது. மற்ற வயிறுகள் ஓயவில்லை. எல்லப்பனின் உதடு லேசாக அசைந்தது. ஸ்ரீதர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டது. அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கிரெய்க் ஆங்கிலத்தில் கேட்டார். இன்னும் கொஞ்சம் டீ வேண்டுமா என்று கேட்கிறாள் என்றார் ஸ்ரீதர். அதிகாரி ஒரு கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டு, இறந்தவர் அன்று பணிக்கு வரவில்லை என்று மறு கையால் எழுதினார். மதியத்துக்குள் அமலாவை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அதன்பிறகு அந்த நான்கு பேரும் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. கிரெய்க் இங்கிலாந்துக்கே போய்விட்டார். இங்கே விடியும்போது அங்கே நடு ராத்திரி என்பதால் மனைவி வேறு அறைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. எல்லப்பன் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போய்வந்தார். ஸ்ரீதருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. மகள் நிச்சயதார்த்தத்தில் வாத்து கத்தியபோது, பக்கத்து வீட்டில் வளர்க்கிறார்கள் என்றார். பக்கத்து வீட்டுக்காரரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

அமலாவும் இசக்கிசெல்வியும் சேர்ந்து, சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வரும் ஷேர் ஆட்டோக்கள் நிற்கிற இடத்தில் ஒரு மெஸ் போட்டார்கள். நாள் முழுவதும் இசக்கிசெல்வியின் வயிறு கத்துவதைப் பார்த்து அமலா ஒருமுறை சொன்னாள். “நீயும் ஒரு வார்த்த சொல்லேன்டி. அடங்கிட்டுப் போவுது.”

“கெடக்கட்டும்க்கா,” என்றாள் இசக்கிசெல்வி. “அவுக வந்துட்டாகன்னு எனக்கு வேற யாரு சொல்லுவா?”

போன மழைக்காலத்தில் ஒரு நாள் சாலையெல்லாம் தண்ணீர். விடிந்து வெகுநேரமாகியும் இசக்கிசெல்வியின் வயிறு சத்தமில்லாமல் இருந்தது. அவள் கல்லில் மாவை ஊற்றாமல், கரண்டியைக் கையில் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ராத்திரி ஷிப்டு முடித்த பையன்கள் தட்டோடு காத்திருந்தார்கள். “ரோட்ல தண்ணிடி, பஸ்ஸு ஊந்துகினுதான் வரும்,” என்றாள் அமலா. அப்புறம் வாத்து கத்தியது, நன்றாக, விடாமல். இசக்கிசெல்வி மாவை ஊற்றி இழுத்துவிட்டாள். முதல் ஷிப்டு உள்ளே போயிடுச்சு என்று ஒரு பையன் இன்னொருவனிடம் சொல்லிவிட்டு, சட்னி கேட்டான்.